செம்பருத்தி வேரடி மண்

மாளவிகா எந்த வீட்டுத் தோட்டத்துக்குப் போனாலும் முதலில் பூவையோ இலையையோ பார்க்க மாட்டாள். கதவைத் திறந்துவிட்டவர்கள் "இதோ, இந்த ரோஜாதான் மேடம்" என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வேரோரம் நாலு விரல் ஆழத்துக்குத் தோண்டி, மண்ணை மூக்கருகே கொண்டுபோவாள். பதினோரு வருஷம் ஓர் உயிர் உரக் கம்பெனியின் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவள். கம்பெனி கைமாறியபோது வேலையை விட்டுவிட்டு, திருவான்மியூர் வீட்டின் மொட்டைமாடியையே கூடமாக்கிக்கொண்டு, ஸ்கூட்டரில் போய் நோய்ப்பட்ட தோட்டங்களைத் தேற்றுவதைத் தொழிலாக எடுத்துக்கொண்டாள்.

அவளிடம் இருந்த மருந்து ஒன்றுதான். வேருக்குள் குடியேறும் பூஞ்சை. விவசாயிகள் வேம் என்பார்கள். செடி தன் சர்க்கரையில் கொஞ்சத்தை அதற்குக் கொடுக்கும். அது தலைமுடியைவிட மெல்லிய இழைகளை மண்ணுக்குள் நீட்டி, வேர் எட்டாத இடத்திலிருந்து தண்ணீரும் சத்தும் கொண்டுவந்து தரும். ஒரு செடியின் வேரிலிருந்து கிளம்பிய இழை பக்கத்துச் செடியின் வேருக்குள்ளும் போய் நுழையும். அப்படியே ஒரு தோட்டம் முழுவதும் மண்ணுக்கடியில் கைகோத்துக்கொண்டு கிடக்கும். இதையெல்லாம் அவள் விளக்கினால் வாடிக்கைக்காரர்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பூ எப்ப வரும்?" என்பார்கள்.

ராஜா அண்ணாமலைபுரத்து வீட்டுக்கு அவளைக் கூப்பிட்டது ஜெசிகா என்ற பெண். பெருங்குடியில் கம்பெனி வேலை, அங்கேயே பத்தாவது மாடியில் வீடு.

"எங்க மம்மியோட தோட்டம் மேடம். மம்மி போன மார்ச்ல தவறிட்டாங்க. டாடி தனியா இருக்கார். செடியெல்லாம் ஒண்ணொண்ணா செத்துக்கிட்டே வருது. அவரைக் கேட்டா போனா போகட்டும்ங்கறார். நீங்க வந்து பாருங்க, அவர்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

தை மாதத்தில் ஒரு காலை நேரம் மாளவிகா போனாள். இரண்டு அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு நடுவே அகப்பட்டுக்கொண்ட பழைய தனி வீடு. பிரகாசம் கதவைத் திறந்தார். டெலிபோன் இலாகாவில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபதைத் தாண்டியும் சட்டை தேய்த்த மடிப்புக் கலையாமல் இருந்தது. அவளைக் கூடம் வழியாகப் பின்கட்டுக்கு அழைத்துப் போனவர், பின்வாசல் நிலைப்படியோடு நின்றுகொண்டார். தோட்டத்தில் கால் வைக்கவில்லை.

"நீங்களே பாத்துக்குங்க. பக்கெட் அங்க இருக்கு."

லூயிசா டீச்சர் முப்பது வருஷம் வளர்த்த தோட்டம் அது. ரோஜா, நந்தியாவட்டை, மல்லிக்கொடி, கறிவேப்பிலை, மூலையில் ஓர் எலுமிச்சை. எல்லாம் இலை உதிர்ந்து, குச்சி குச்சியாக நின்றன. மாளவிகா ரோஜாவின் அடியில் தோண்டினாள். மண்ணில் மண் வாசனையே இல்லை. கட்டி ஒன்றை உடைத்தபோது உள்ளே நீலமாகப் பொடிப்பொடியாக ஏதோ தெரிந்தது.

"சார், இங்க மயில்துத்தம் போட்டிருக்கா?"

"கரையான் இருந்தது" என்றார் பிரகாசம்.

"கரையானுக்கு இதைப் போட மாட்டாங்களே. இது பூஞ்சையைக் கொல்றது. எவ்வளவு போட்டீங்க?"

"ஞாபகமில்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவள் ஒவ்வொரு செடியிலிருந்தும் துளி வேர் நறுக்கி எடுத்துக்கொண்டு வந்தாள். வீட்டில் அவற்றை வேகவைத்து, வினிகர் கலந்த நீல மையில் ஊறப்போட்டு, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். பூஞ்சை இருந்தால் மை பிடிக்கும். எல்லா வேர்களும் வெறும் கண்ணாடிக் குழாய்கள் மாதிரி காலியாகக் கிடந்தன, ஒன்றைத் தவிர. துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்ற செம்பருத்தியின் வேர்கள் சிமென்ட் தரைக்கு அடியில் ஓடியிருந்தன; துத்தம் அங்கே இறங்கவில்லை போலிருக்கிறது. அந்த வேருக்குள் ஊசி முனை இடம்கூட மிச்சமில்லாமல் பூஞ்சை அடைந்திருந்தது. குட்டிக் குட்டி மரங்களாகக் கிளை விட்டு, நீல நீலமாக, ஒன்றன்மேல் ஒன்று நெருக்கிக்கொண்டு. பதினோரு வருஷத்தில் அவள் இப்படி ஒரு வேரைப் பார்த்ததில்லை. கண்ணை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் அது அவள் கண்ணுக்குள் நின்றது.

கடையில் பொட்டலமாக விற்கும் வேம் வாங்கிப் போட்டிருக்கலாம். ஆனால் அத்தனை விஷத்துக்கு நடுவிலும் பிழைத்த ஒன்றைப் பார்த்தபின் அவளுக்கு மனசு வரவில்லை. செம்பருத்தியின் வேரடி மண்ணை ஒரு பை அள்ளி வந்து, மாடியில் பத்துத் தொட்டிகளில் மணலோடு கலந்து மக்காச்சோளம் விதைத்தாள். மூன்று மாதம் வளர்த்து, பிறகு தண்ணீரை நிறுத்திப் பயிரைக் காயவிட்டு, வேரையும் மண்ணையும் சேர்த்து நறுக்கினால் அதுதான் தாய் உரம். அதற்குள் ராஜா அண்ணாமலைபுரத்தில் ஆள் வைத்து மேல்மண்ணை வாரிக் கொட்டிவிட்டு, சாணமும் மக்கிய இலையும் புதுச் செம்மண்ணும் நிரப்பினாள். ஆனி மாதம் முதல் மழைக்கு ஒவ்வொரு செடியின் வேரிலும் இரண்டு கை தாய் உரம் வைத்து மூடினாள். மிச்சத்தை வீணாக்கவில்லை. மந்தைவெளியிலிருந்து பெசன்ட் நகர் வரை அவள் பார்த்துக்கொண்டிருந்த பதினோரு வீடுகளுக்கும் பகிர்ந்து போட்டாள்.

ஆவணி பிறப்பதற்குள் தோட்டம் எழுந்துவிட்டது. காய்ந்த குச்சி என்று ஒடித்துப்போட இருந்த ரோஜாவில் முஷ்டி முஷ்டியாகப் பூ. நந்தியாவட்டை சுவர் உயரத்துக்கு வந்தது. கறிவேப்பிலை வாசனை தெருவில் போகிறவர்களை நின்று பார்க்க வைத்தது. ஜெசிகா வீடியோ அழைப்பில் பார்த்துவிட்டு அழுதாள். பிரகாசம் மட்டும் நிலைப்படியில் நின்றபடி ஒரு கேள்வி கேட்டார்.

"எல்லாத்துக்கும் அந்தச் செம்பருத்தி மண்ணுதான் போட்டீங்களா?"

"ஆமா சார். அதனாலதான் இவ்வளவு சீக்கிரம் தேறிடுத்து."

அவர் முகம் வெளுத்ததை அவள் பார்த்தாள். வயசானவர், வெயிலில் நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

அதுவரை அவள் அந்த வீட்டுக்குக் காலையில் மட்டுமே போயிருந்தாள். புரட்டாசியில் ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டதால் மூன்றரை மணிக்குத்தான் போக முடிந்தது. வானம் மூடியிருந்தது. காற்று இல்லை. மண் ஈரத்தில் செருப்பு ஒட்டியது. எலுமிச்சையில் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தவளுக்கு உள்ளே டிவி சத்தம் திடீரென்று உயர்வது கேட்டது. பழைய கிரிக்கெட் மேட்ச் ஏதோ, கூட்டம் இரைந்தது. பின்பக்கத்து ஜன்னலை யாரோ இழுத்துச் சாத்தினார்கள்.

அவள் திரும்பினாள். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் செம்பருத்தியின் இலைகள் கீழே இறங்கிக்கொண்டிருந்தன.

அசைவது கண்ணுக்குத் தெரிகிற வேகம். ஒவ்வோர் இலையும் காம்போடு தளர்ந்து, முழங்கை விட்டுப்போன கை மாதிரி தொங்கியது. பூக்கள் தலை கவிழ்ந்தன. பிறகு அதற்கடுத்த ரோஜா. அதற்கடுத்தது. நந்தியாவட்டை. மல்லிக்கொடி சுவரைவிட்டு நழுவியது. அவள் கையில் பிடித்திருந்த எலுமிச்சைக் கொழுந்து விரலுக்கிடையே குளிர்ந்து துவண்டது. முதல் செடி தொடங்கி மூலை எலுமிச்சை வரை மூன்று நிமிஷம்கூட ஆகியிருக்காது. ஆயிரம் இலைகள் சேர்ந்து இறங்கும்போது ஒரு சத்தம் வந்தது. தூங்குகிற ஆள் புரண்டு படுக்கும்போது துணி உரசுமே, அதைப்போல.

அவள் மண்ணைத் தொட்டுப் பார்த்தாள். நல்ல ஈரம். போனில் மணி மூன்று ஐம்பத்து மூன்று.

மழைக்குப் பின் வேர் மூச்சுத் திணறியிருக்கலாம், அடுத்த கட்டடத்தின் ஆழ்குழாய் மோட்டார் தண்ணீரை உறிஞ்சியிருக்கலாம் என்றெல்லாம் ஒவ்வொரு காரணமாகத் தேடிக்கொண்டே அவள் நின்றாள். நாலேகாலுக்கு செம்பருத்தி நிமிர்ந்தது. அதன் பின்னால் வரிசையாக மற்றவை. உள்ளே டிவி நின்றது.

மறுநாள் மூன்றரைக்கே போய் உட்கார்ந்துகொண்டாள். மூன்று ஐம்பதுக்கு டிவி இரைந்தது, ஜன்னல் மூடிக்கொண்டது, செம்பருத்தி தொங்கியது. மூன்றாம் நாளும் அப்படியே. நாலாம் நாள் காலையில் இரண்டு ரோஜாக்களுக்கு நடுவே முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் வெட்டி, ஒரு தகரத்தை இறக்கி மூடினாள். அன்று மாலை தகரத்துக்கு இந்தப் பக்கம் வரை எல்லாம் தொங்கின. அந்தப் பக்கத்து ரோஜாவும் அதற்கப்பால் இருந்தவையும் அசையாமல் நிமிர்ந்து நின்றன. ஆக, அது காற்றிலோ வெயிலிலோ வருகிற சமாச்சாரம் இல்லை. மண்ணுக்குள், இழை வழியாக, செம்பருத்தியிலிருந்து போகிறது. இதை நோட்டில் எழுதப்போனவள், எழுதாமல் மூடி வைத்தாள். ஐந்தாம் நாள் தகரத்துக்கு அந்தப் பக்கமும் தொங்கியது. தோண்டிப் பார்த்தால், தகரத்தின் அடி விளிம்பைச் சுற்றிக்கொண்டு வெள்ளையாக ஒரு கற்றை போயிருந்தது. அந்த வகைப் பூஞ்சையின் இழை வெறும் கண்ணுக்குத் தெரியாது. அதுவும் ஒரே ராத்திரியில் அத்தனை தூரம் வளராது. இது தெரிந்தது. வளர்ந்திருந்தது.

அந்த வாரமே மயிலாப்பூரிலிருந்து விசாலாக்ஷி மாமி போன் செய்தாள். வடக்கு மாட வீதிக்குப் பின்னால் வீடு. மாளவிகாவின் ஆரம்ப கால வாடிக்கைக்காரி.

"ஏண்டிம்மா மாளவிகா, நீ உரம் வெச்சப்புறம் துளசி காடா வளர்ந்துடுத்து. வாஸ்தவம். ஆனா சாயங்காலம் நாலு மணிக்கு முன்னாடி தலையைத் தொங்கப் போட்டுண்டு நிக்கறதே, ஏன்? செத்த நாழிதான். அப்புறம் சரியாயிடறது. தெனம் இதே பாடு."

"வெயிலா இருக்கும் மாமி" என்றாள் மாளவிகா.

"எங்காத்து முத்தத்துல ஏதுடி வெயிலு?"

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், மாடிப்படியில் அவள் கணவன் ஸ்ரீவத்சன் காபி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தான். வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவன்.

"நானும் சொல்லணும்னு இருந்தேன். மாடியில ரெண்டாவது தடவை மக்காச்சோளம் போட்டியே, நீ வெளியில போயிண்டிருக்கற நேரத்துல தெனம் சோந்து சோந்து விழறது. நான் வேற பாவம்னு தண்ணி விட்டுண்டிருக்கேன்."

அன்று மூன்று ஐம்பதுக்கு இருவரும் மாடியில் நின்று பார்த்தார்கள். பத்துத் தொட்டிகள். ஒன்றோடொன்று ஒட்டாமல், சிமென்ட் தரையில், தனித்தனி மண். பத்தும் ஒரே நேரத்தில் தலை சாய்ந்தன. ஸ்ரீவத்சன் கீழே இறங்கிப் போனான். அதற்குப் பிறகு அவன் அந்த நேரத்தில் மாடிக்கு வரவே இல்லை.

மறுநாள் அவள் பிரகாசத்தின் வீட்டுக்குப் போய் நேராகக் கூடத்தில் உட்கார்ந்தாள். சுவரில் மாதா படத்துக்குக் கீழே லூயிசாவின் படம். ஒல்லியான முகம், கண்ணாடி, சிரிக்கலாமா என்று யோசிக்கிற உதடு. அதற்கு எதிர்ச் சுவரில் டிவி.

"சார், மூணு அம்பதுலேந்து நாலேகால் வரைக்கும் என்ன ஆச்சு?"

அவர் ரிமோட்டைக் கையில் வைத்திருந்தார். அதை மெதுவாக மேஜைமேல் வைத்தார். எப்போதாவது யாராவது கேட்பார்கள் என்று எதிர்பார்த்திருந்த மாதிரி இருந்தது.

"புரோமோட்டர் ஒருத்தன் வந்திருந்தான். இடத்தைக் குடுத்தா ரெண்டு ஃபிளாட்னு பேச்சு. லூயிசா கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டா. செடியையெல்லாம் என்ன பண்றதுன்னா. செடி முக்கியமா, நான் முக்கியமான்னு கேட்டேன். பதில் சொல்லல. மூணு நாள் வீட்டுல பேச்சு வார்த்தை இல்ல. அன்னிக்கு வெள்ளிக்கிழமை, தவக்காலம். நான் இங்க மேட்ச் பாத்துக்கிட்டிருந்தேன். பின்னாலேந்து ஏங்கன்னு கூப்பிட்டா."

அவர் பின்வாசல் பக்கம் பார்த்தார்.

"காதுல விழுந்தது மேடம். நல்லா விழுந்தது. மூணு நாளைக்கப்புறம் கூப்பிடறா, சமாதானத்துக்குத்தான்னு நெனச்சேன். வேணும்னா உள்ள வந்து பேசட்டும்னு சத்தத்தைக் கூட்டினேன். மறுபடியும் கூப்பிட்டா. இன்னும் கூட்டினேன். அதுக்கப்புறம் கூப்பிட்டாளா இல்லையான்னு எனக்குத் தெரியாது. அவ்வளவு சத்தம். மேட்ச் முடிஞ்சுது. டீ வரலையேன்னு எழுந்து போனேன்."

"நாலேகால்."

"துவைக்கிற கல்லுகிட்ட வழுக்கி விழுந்திருக்கா. தலையில அடி. செம்பருத்தியைப் பிடிச்சு எழுந்திருக்கப் பாத்திருக்கா போல. கை நிறைய இலை. அரைமணி முன்னாடி கொண்டுவந்திருந்தா பாத்திருக்கலாம்னாங்க ஆஸ்பத்திரியில. நான் தூங்கிட்டேன்னு சொல்லிட்டேன். எல்லார்கிட்டயும் அதான் சொன்னேன். ஜெசிகிட்டயும். பாவசங்கீர்த்தனத்துலகூட ஃபாதர்கிட்டச் சொல்லல."

அவரே தொடர்ந்தார். "நாப்பதாம் நாள் பூசை முடிஞ்ச அன்னிக்கு ஆரம்பிச்சுது. முதல்ல செம்பருத்தி மட்டும். அப்புறம் பக்கத்துல இருந்தது. வாரத்துக்கு ஒரு செடியா, வாசல் வரைக்கும். என்னால பாக்க முடியல. பன்னெண்டு கிலோ துத்தம் கரைச்சு ஊத்தினேன். அடங்கிச்சு. செம்பருத்தி மட்டும் பண்ணிக்கிட்டிருந்தது, அதுக்கு ஜன்னலைச் சாத்திக்கிட்டேன். அதுக்குள்ள என் பொண்ணு உங்களைக் கூட்டிட்டு வந்துட்டா."

மாளவிகாவுக்கு அவர்மேல் கோபம் வரவேண்டும். வந்தது. ஆனால் அதற்கும் அடியில் வேறொன்று குளிராக ஊர்ந்தது. அடங்கிக்கிடந்ததை மாடியில் வைத்துப் பாலூட்டி வளர்த்து, பையில் போட்டு, ஊரெல்லாம் கொண்டுபோய்க் கொடுத்தது அவள்தான்.

"மறுபடியும் ஊத்திடுங்க மேடம்" என்றார் பிரகாசம். "எவ்வளவு வேணுமோ ஊத்திடுங்க."

"இங்க மட்டும் இல்ல சார் அது இப்ப. பதினோரு வீட்டுல இருக்கு. எங்க வீட்டுலயும் இருக்கு." அவள் எழுந்தாள். "நீங்க ஜெசிகாகிட்ட சொல்லுங்க. அதுக்கப்புறம் என்ன பண்றதுன்னு பாக்கலாம்."

சனிக்கிழமை ஜெசிகா வந்தாள். தனியாகச் சொல்ல முடியாது, நீங்களும் இருங்கள் என்று பிரகாசம் கேட்டுக்கொண்டதால் மாளவிகாவும் போயிருந்தாள். துத்தம் ஊற்றியதற்குப் பிறகு அன்றுதான் அவர் முதல் முறையாக நிலைப்படி தாண்டித் தோட்டத்தில் இறங்கினார். டிவியைப் போடவில்லை. மூன்று ஐம்பதுக்கு அவர்கள் மூவரையும் சுற்றித் தோட்டம் தொங்கியது. ஜெசிகா வாயில் கையை வைத்துக்கொண்டாள். அந்த நிசப்தத்தில் அவர் மகளுக்கு எல்லாவற்றையும் சொன்னார். ஏங்க என்று கூப்பிட்டதை, சத்தத்தைக் கூட்டியதை, இரண்டாம் தடவை கூட்டியதை.

ஜெசிகா போய்ச் செம்பருத்திக்குப் பக்கத்தில் ஈரச் சிமென்ட்டிலேயே உட்கார்ந்துகொண்டாள். தொங்கிய கிளை ஒன்று அவள் தோளில் படிந்தது. நாலேகால் வரை அப்படியே இருந்தாள். கிளை நிமிர்ந்ததும் எழுந்து, சேலையைக்கூட உதறாமல், அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் வாசல் வழியாகப் போய்விட்டாள். கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

சொல்லிவிட்டால் நின்றுவிடும் என்று மாளவிகா உள்ளூர நம்பியிருந்தாள். மறுநாள் மூன்று ஐம்பதுக்கு மாடிக்குப் போனாள். மக்காச்சோளம் தலை சாய்ந்தது. ஒரு நிமிஷம் கூடவோ குறையவோ இல்லை.

அடுத்த ஒரு மாதம் அவள் வீடு வீடாகப் போனாள். உரத்தில் கோளாறு, மாற்றித் தருகிறேன் என்று சொல்லி மண்ணை வாரி எடுத்து, மாடியில் கறுப்பு பாலிதீன் விரித்து மூடி, வெயிலில் வேகவிட்டாள். பிறகு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பாள். வேர் காலியாக இருக்கும். பத்து வீடுகளில் அப்படி முடிந்தது. விசாலாக்ஷி மாமி மட்டும் துளசியைத் தொடவிடவில்லை.

"இருக்கட்டும்டி. அந்த நேரத்துக்கு நான் பக்கத்துல போய் ஒக்காந்துக்கறேன். என்னமோ யாரோ கூப்பிடற மாதிரி இருக்கு எனக்கு. கூப்பிட்டா போகாம இருக்கப்படாதோன்னோ?"

மாமிக்கு அவள் எதுவும் சொல்லியிருக்கவில்லை. "அப்படி என்ன கேக்கறது மாமி?" என்றாள்.

"கேக்கறதுன்னு இல்ல. சும்மா ஒரு இது." மாமி பேச்சை மாற்றிவிட்டாள்.

பிரகாசத்தின் தோட்டத்தைக் கடைசியாக வைத்திருந்தாள். அவர் பிடிவாதமாக வேண்டாம் என்றிருந்தார். மகள் வரும்வரை அப்படியே இருக்கட்டும் என்றார். ஐப்பசி முழுவதும் தினம் அந்த நேரத்துக்கு நாற்காலியைச் செம்பருத்திப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டார். மழை பெய்தால் குடை. மகள் வரவில்லை. கார்த்திகையில் ஒரு நாள் குடையோடு நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டார். பக்கத்துக் கட்டடத்து வாட்ச்மேன் பார்த்துத் தூக்கியதால் பிழைத்தார். பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்துவிட்டது. அப்போது ஜெசிகா வந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து அவரைப் பெருங்குடிக்குக் கூட்டிப்போய்விட்டாள். வீடு புரோமோட்டருக்குப் போயிற்று.

அவர் கூப்பிடட்டும் என்று அந்தப் பக்கம் போகாமலே இருந்ததால், இதெல்லாம் மாளவிகாவுக்குத் தெரிந்தது தை மாதத்தில்தான். ஜெசிகாவே போன் செய்தாள்.

"இங்க ஒரு செடிகூட வைக்கல மேடம். ஆனா அந்த நேரம் வந்தா டாடி டிவியை ஆஃப் பண்ணச் சொல்றார். வாய் சரியா வரல. கையைக் காட்டறார். நான் ஆஃப் பண்ணிடுவேன். ரெண்டு பேரும் சும்மா ஒக்காந்திருப்போம். அவர்கூட எனக்கு இன்னும் பேச வரல." பிறகு, "வீட்டை இன்னிக்கு இடிக்கறாங்க. உங்ககிட்ட சொல்லணும்னு தோணிச்சு" என்றாள்.

மாளவிகா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓடினாள். போனபோது மணி பன்னிரண்டு. சுற்றுச்சுவர் இல்லை. ஜேசிபி இயந்திரம் துவைக்கிற கல்லைப் புரட்டிப் போட்டிருந்தது. தோட்டம் இருந்த இடத்தில் ஆள் உயரப் பள்ளம். லாரி ஓட்டுநர் டில்லிபாபு நிழலில் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

"இங்க இருந்த மண்ணு எங்கங்க?"

"மண்ணா? காலைலயே ரெண்டு லோடு அடிச்சாச்சே மேடம். சோக்கான மண்ணு. கருப்பா, பொலபொலன்னு கீது. இந்த மாரி மண்ணை எவன் பள்ளத்துல கொட்டுவான்? நர்சரிக்காரனுங்க நான் நீன்னு வாங்கிக்கினு போய்ட்டானுங்க."

"எந்த நர்சரி?"

"கைக்குக் கை மாறிப் போய்க்கினே இருக்கும். தொட்டியில போடுவான், பார்க்குக்குக் குடுப்பான், ரோட்டு நடுவுல செடி வைக்கிற காண்ட்ராக்டுக்குக் குடுப்பான். இன்னாத்துக்குக் கேக்குற? பொருள் எதுனா வுட்டுட்டியா அதுல?"

"செம்பருத்தி ஒண்ணு இருந்துதே?"

"வேரோட வந்துச்சு. நல்லா கீதேன்னு அதையும் ஒருத்தன் தூக்கிக்கினான்."

இரண்டு வாரம் அவள் தெரிந்த நர்சரிகளையெல்லாம் சுற்றினாள். அடையாறு, கோட்டூர்புரம், திருவான்மியூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருப்பவை. யாருக்கும் எந்த லாரி மண் எந்தத் தொட்டியில் போயிற்று என்று தெரியவில்லை. எல்லா மண்ணும் ஒரே மாதிரி கறுப்பாக இருந்தது. பிறகு அவள் தேடுவதை நிறுத்தினாள். தாய் உரம் வளர்ப்பதையும் நிறுத்திவிட்டாள். கடைப் பொட்டலத்தைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, காலையிலேயே வேலையை முடித்துக்கொண்டு வந்துவிடுவாள்.

சித்திரையில் ஒரு கல்யாணப் புடவை வாங்க தி.நகர் போக வேண்டியிருந்தது. திரும்பும்போது பனகல் பார்க் சிக்னலில் நின்றாள். முன்னால் பஸ், இருபுறமும் ஆட்டோ, ஹாரன் காதைப் பிளந்தது. சாலை நடுவே புதிதாகக் கட்டிய தடுப்பில் நீளத்துக்கு அரளியும் குரோட்டன்ஸும் வைத்திருந்தார்கள். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டிருந்தவள், தடுப்பின் அந்தக் கோடியில் ஓர் அரளி தலை சாய்வதைக் கண்டாள். பிறகு அடுத்தது. அது அவளை நோக்கி, ஒவ்வொரு செடியாக, நிதானமாக வந்தது. அவளுக்குப் பக்கத்தில் இருந்த குரோட்டன்ஸ் கைக்கெட்டும் தூரத்தில் இலைகளைத் தொங்கவிட்டது. அவளைக் கடந்து போய், மேம்பாலம் வரை போயிற்று. சுற்றிலும் நூறு பேர் சிக்னல் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பச்சை விழுந்தது. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். மாளவிகா வண்டியை அணைத்துத் தடுப்போரம் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தி, இறங்கி நின்றாள். போக்குவரத்துக் காவலர் ஒருவர் குடையோடு வந்தார்.

"இன்னா மேடம், வண்டி ரிப்பேரா?"

"இல்லை. கொஞ்ச நேரம் நிக்கறேன்."

அவர் செடிகளைப் பார்த்தார். "தண்ணி ஊத்தாம சாவடிச்சிருக்கானுங்க போல."

"தண்ணி இருக்கு" என்றாள் மாளவிகா.

அவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, வண்டிகளை ஒதுக்கிவிடப் போனார். அந்த இரைச்சலுக்கு நடுவில் அவள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் நாலேகால் வரை அங்கிருந்து அவள் நகரவில்லை.